உளவியலும் நமது மனச்சாட்சியும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஹந்தானை மலையைப் பார்த்தபடி படித்த நாம் இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இலண்டனிலும் டொரன்டோவிலும் வாழ்கிறோம். சங்கம் நூறு வயதைக் காணும் வேளையில் என்னைப் பேச அழைத்தமைக்கு நன்றி. "உளநலம் பற்றி ஏதாவது சொல்லுங்கள், டொக்டர்" என்றுதான் செயலாளர் கேட்டார். நித்திரை, உணவு, உடற்பயிற்சி பற்றிப் பேசியிருக்கலாம். அவற்றை எல்லாரும் சொல்கிறார்கள். அதிகம் பேசப்படாத ஒன்றைப் பேசலாம் என்று எண்ணினேன். மனதுக்கு வைத்தியம் செய்பவரின் சொந்த ஒழுக்கமும் அறமும் அந்த வைத்தியத்தில் எங்கே நிற்கின்றன என்பதே எனது விடயம்.

இதைப் பற்றி இரண்டு கருத்துகள் உலவுகின்றன. உளவியல் ஒரு விஞ்ஞானம், இரத்த அழுத்தம் அளப்பதைப் போல மனதையும் அளந்து மருந்து கொடுக்க வேண்டியதுதான், அதில் நல்லது கெட்டது என்ற பேச்சுக்கு இடமில்லை என்பது ஒன்று. மனக்கஷ்டம் எல்லாம் பக்திக் குறைவாலும் வளர்ப்புக் குறைவாலும் வருவது, நாலு நல்ல புத்தி சொன்னால் சரியாகிவிடும் என்பது மற்றது. முதற் கருத்தைப் படித்தவர்களிடம் கேட்கிறோம். இரண்டாவதை வீடுகளில் கேட்கிறோம். இரண்டும் தவறு என்பது எனது அனுபவம். அதற்கு நமது நாட்டின் வரலாறே சாட்சி.

1998ஆம் ஆண்டு வரை இலங்கையில் தற்கொலைக்கு முயல்வது தண்டனைச் சட்டக்கோவையின்படி ஒரு குற்றம். உயிர் தப்பி வைத்தியசாலைக்கு வந்தவரைப் பொலிசாரும் விசாரிக்க வேண்டியிருந்தது. நாம் பாடசாலையில் படித்த காலத்தில் நடைமுறையில் இருந்த சட்டம் இது. வழக்குக்குப் பயந்து, உள்ளதை மறைத்துக் கொண்டுவரப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள். அந்த ஆண்டில் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கிய குற்றம் நமது வாயிலிருந்து நீங்கிவிட்டதா? "படித்த பிள்ளை செய்கிற வேலையா இது?", "தாய் தகப்பனை நினைத்தாயா?" என்று கட்டிலருகே நின்று கேட்கும் உறவினரை இன்றும் காண்கிறோம். சில வேளைகளில் வெள்ளை உடுப்புப் போட்டவர்களும் அப்படிக் கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் நோயாளி வாயை மூடிக்கொள்வார். அதன் பிறகு அவருக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியவராது.

இதே விடயத்தில் இன்னொரு பாடமும் உண்டு. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அதுவும் ஒன்று. அடுத்த பத்தாண்டுகளில் அந்த வீதம் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. அதன் பிறகும் குறைந்து வந்தது. எப்படி? மக்களின் ஒழுக்கம் திடீரென உயர்ந்துவிடவில்லை. மிகக் கொடிய விவசாய நஞ்சுகள் 1980களிலிருந்து ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. பேராதனைப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து இயங்கிய நஞ்சியல் ஆய்வாளர்களும் இந்த விடயத்தில் பெரும் பங்காற்றினார்கள். ஆய்வுகள் காட்டியது இதுதான்: தப்பியவர்களில் பலர் சாக வேண்டும் என்று நாட்கணக்கில் திட்டமிட்டவர்கள் அல்லர். ஒரு கோபம், ஒரு அவமானம், சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் கொடிய நஞ்சு இல்லாவிட்டால் உயிர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் அதன் பிறகு வாழ்ந்தார்கள்.

ஆகவே "கோழை", "சுயநலக்காரி" என்று நாம் கொடுத்த பட்டங்கள் இரக்கமற்றவை என்பதோடு நின்றுவிடவில்லை, உண்மைக்கும் புறம்பானவை. நோயாளியின் ஒழுக்கத்தைச் சோதித்ததால் ஒரு உயிரும் மிஞ்சவில்லை. நமது பொறுப்பு என்ன என்று சிலர் தம்மைத்தாமே கேட்டுக்கொண்டதால் ஆயிரக்கணக்கான உயிர்கள் மிஞ்சின. உளவியலில் அறம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அது நோயாளியின் பக்கம் நீட்டும் சுட்டுவிரல் அல்ல. நாம் நம்மிடம் கேட்கும் கேள்வி.

அடுத்து, நோய் என்று பெயர் வைப்பதில் உள்ள அறம். 1973ஆம் ஆண்டு வரை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் ஒருபாலீர்ப்பு ஒரு நோயாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1990இல்தான் அதைத் தனது பட்டியலிலிருந்து எடுத்தது. இடைப்பட்ட காலத்தில் எந்த மருந்தும் அவர்களைக் "குணப்படுத்தி" இருக்கவில்லை. ஒரு சமூகத்தின் அருவருப்பு விஞ்ஞானத்தின் பெயரில் எழுதப்பட்டிருந்தது, பின்னர் அழிக்கப்பட்டது, அவ்வளவுதான். விஞ்ஞானம் என்று சொன்னவுடன் ஒழுக்கத் தீர்ப்புகள் போய்விடுவதில்லை. சில வேளைகளில் அவை அதற்குள் ஒளிந்துகொள்கின்றன.

இதையே வேறொரு கோணத்திலிருந்து சொன்னவர் நமது பேராதனையில் கற்பித்த மானிடவியலாளர் பேராசிரியர் கணநாத் ஒபேசேகர. வாழ்க்கை துன்பமயமானது, ஆசைகள் நிலையற்றவை என்று தியானிக்கும் ஒரு பௌத்தரை மேற்கத்திய வினாக்கொத்தை வைத்துச் சோதித்தால் அவர் மனச்சோர்வு நோயாளியாகத் தெரிவார். ஆனால் அவருடைய சமூகத்தில் அவர் தெளிந்த மனிதர் என்று 1985இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அவர் வாதிட்டார். இதிலிருந்து மனச்சோர்வு என்று ஒரு நோயே இல்லை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அது இருக்கிறது, ஆளைக் கொல்கிறது, சிகிச்சையால் குணமாகிறது. ஆனால் எதிரில் இருப்பவரின் நம்பிக்கையும் வழக்கமும் தெரியாமல் பெட்டியில் புள்ளடி போடுவது நேர்மையான வைத்தியம் ஆகாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இதை நாடே அனுபவித்தது. நல்லெண்ணத்தோடு எத்தனையோ குழுக்கள் வந்திறங்கின. சிலர் மொழி தெரியாமல் வந்தார்கள். சிலர் ஓரிரு நாள் பயிற்சியோடு உளவளத்துணையாளர்கள் ஆனார்கள். பிள்ளைகளிடம் படம் கீறச் சொல்லி, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. பேரிடர் நடந்தவுடன் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கிளறிப் பேசவைப்பது உதவாது என்பது ஆய்வுகளில் தெளிவானது. அப்படிச் செய்ய வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. 2007இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, தீங்கு செய்யாமல் இருப்பதையும் உள்ளூர் வளங்களை மதிப்பதையும் முன்வைத்தது. நல்ல மனம் மட்டும் போதாது. தனக்கு எது தெரியாது என்று அறிந்து ஒதுங்கி நிற்பதும் ஒழுக்கம்தான். அதற்கு மாறாக, யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மக்களோடு இருந்து பணிசெய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் மக்களின் மொழியில் கேட்டார்கள், கேட்ட பின்னும் அங்கேயே இருந்தார்கள்.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இன்று அருங்காட்சியகம். அரைத்த இயந்திரங்களும் உலர்த்திய இயந்திரங்களும் அங்கே பார்வைக்கு இருக்கின்றன. கொழுந்து பறித்தவர்களின் மனச்சுமையைக் காட்ட அங்கே இடமில்லை. அதை வைத்தியசாலையில்தான் காணலாம், அதுவும் மொழி தெரிந்தால்.

தோட்டத்திலிருந்து ஒரு தாய் வருகிறார். நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்கிறார். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. கூட வந்த பத்து வயது மகன் சிங்களம் படித்தவன், அவனே மொழிபெயர்க்கிறான். "வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்று வைத்தியர் கேட்கிறார். தகப்பன் குடித்துவிட்டு அடிப்பதை அந்தத் தாய் மகனின் வாயால் சொல்ல வேண்டும். சொல்வாரா? "ஒன்னும் இல்லீங்க" என்பார். மாத்திரை எழுதப்படும். சில இடங்களில் மகனுக்குப் பதிலாக அடித்தவரே மொழிபெயர்ப்பாளராக நிற்பார். இது ஒரு குறிப்பிட்ட பெண்ணின் கதை அல்ல. மலைநாட்டில் வேலை செய்த எந்த வைத்தியரும் தாதியும் இதைக் கண்டிருப்பார்கள். 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆனாலும் அந்தத் தாயின் இரகசியத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பதில்லை. இரகசியம் காப்பது நமது முதல் ஒழுக்கம் என்று கற்றுத் தருகிறார்கள். சொல்லவே முடியாத இடத்தில் காப்பதற்கு என்ன இருக்கிறது?

லயத்தில் இரகசியம் என்பது இன்னும் கடினம். சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். "அவ பைத்திய கிளினிக்குக்குப் போறா" என்ற ஒரு சொல் ஒரு பெண்ணின் கல்யாணத்தையே நிறுத்திவிடும். ஆகவே கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பது இங்கே ஒரு விதிமுறையைவிடப் பெரியது. இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு உயிருக்கு ஆபத்து என்றால், ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்றால், மௌனம் காக்க முடியாது. அந்த எல்லையை முதல் நாளே, நோயாளி வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். நம்பச் செய்துவிட்டுப் பிறகு மீறுவது துரோகமாகிவிடும்.

இங்கே ஒரு கேள்வி எழும். தீர்ப்புச் சொல்லாதே என்கிறீர்களே, அப்படியானால் அடிக்கிற கணவனைப் பற்றியும் ஒன்றும் சொல்லக்கூடாதா? சொல்ல வேண்டும். ஆளைத் தீர்ப்பிடாமல் இருப்பது வேறு, செயலைப் பற்றிக் கருத்தே இல்லாமல் இருப்பது வேறு. "குடும்பம் என்றால் அப்படித்தான், பொறுத்துப் போங்கள்" என்று சொல்பவர் தாம் நடுநிலையாக நிற்பதாக நினைக்கிறார். உண்மையில் அவர் ஒரு பக்கத்தில் நிற்கிறார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அந்தப் பெண் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கோரலாம் என்கிறது. அதை அவளுக்குச் சொல்வது நமது கடமை. போவதா இருப்பதா என்று தீர்மானிப்பது அவளுடைய உரிமை. அவளுக்குப் பதிலாக நாம் தீர்மானித்தால், கணவன் செய்வதையே நாமும் மெல்லிய குரலில் செய்கிறோம்.

அதே கணவன் ஒருநாள் குடியை விட வேண்டும் என்று வருவான். அவனையும் கதிரையில் இருத்தி, பெயர் சொல்லி அழைத்து, கேட்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்தத் தொழிலில் ஆகக் கடினமான வேலை அதுதான். வெறுப்பு வருவது இயல்பு. அது வருவதை உணர்ந்து, மேசைக்கு இந்தப் பக்கம் நிறுத்தி வைப்பதைத்தான் தொழில் ஒழுக்கம் என்கிறோம். அதைத் தனியாகச் செய்ய இயலாது. அனுபவமுள்ள ஒருவரிடம் நமது மனநிலையைச் சொல்லி ஆலோசனை பெறும் பழக்கம் உளவளத்துணையில் ஈடுபடும் எல்லாருக்கும் வேண்டும்.

அன்பான சகோதரிகளே, உங்களில் பலர் வைத்தியர்கள் அல்லர். ஆனால் ஆசிரியைகள், தாய்மார், அதிபர்கள், சமயப் பணியாளர்கள் இருக்கிறீர்கள். ஒரு பிள்ளை முதலில் வாய் திறப்பது உங்களிடம்தான். உங்களிடம் மூன்று விடயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். யாராவது மனம் உடைந்து பேசினால் முதலில் புத்தி சொல்லாதீர்கள், முழுவதையும் கேளுங்கள். கேட்டதை ஆசிரியர் அறையிலோ கோயில் வீதியிலோ குடும்ப வட்ஸ்அப்பிலோ சொல்லாதீர்கள். உங்களால் முடியாததைத் தாங்கப் பார்க்காதீர்கள்; அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புங்கள், தேவையானால் கூடப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக ஒரு கட்டடமோ வளைவோ எழுப்புவது நல்லதே. அதோடு, தோட்டப்புறத்திலிருந்து வரும் தமிழ் பேசும் மாணவி ஒருத்தி உளவியலோ தாதியியலோ படிக்க ஆண்டுதோறும் ஒரு புலமைப்பரிசில் கொடுக்க முடியுமா? மருத்துவ மொழிபெயர்ப்பில் சில பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க முடியுமா? வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் மனம் வைத்தால் இது பெரிய தொகை அல்ல. பத்து வயதுப் பிள்ளை தன் தாயின் துன்பத்தை மொழிபெயர்க்கும் நிலை நமது மலைகளில் இல்லாமற் போகட்டும். அதற்கு நமது சங்கம் ஒரு காரணமாக இருக்கட்டும்.