வரப்போகும் தவணையை விற்க வேண்டாம்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டக் காசு கிடைக்கும். அது ஒரே தடவையில் வராது. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை நடக்க நடக்கத்தான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். இந்த இடைவெளியில்தான், "வரப்போற காசை எழுதித் தாங்கோ, இப்பவே காசு தாறம்" என்று சிலர் படலைக்கு வருகிறார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 100,000 ரூபா தவணைக்கு ஒருவர் 75,000 தருகிறார் என்று வையுங்கள். இரண்டு மாதத்தில் 25,000 ரூபா அவருக்கு. வாங்கிய காசில் மூன்றிலொரு பங்கு! இழப்பு அதோடு நிற்காது. கையில் வந்தது பழைய கடனுக்குப் போனால் சுவர் எழும்பாது. சுவர் எழும்பாவிட்டால் அடுத்த தவணையும் வராது.

கடன் எடுத்தே ஆகவேண்டுமா? முதலில் மாதர் சங்கத்தில் கேளுங்கள். வெளியில் எடுப்பதென்றால், கைக்கு வருவது எவ்வளவு, திருப்பிக் கட்டுவது எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமா என்று விசாரியுங்கள். வெற்றுத் தாளிலும் விளங்காத மொழிப் பத்திரத்திலும் கையொப்பம் வைக்காதீர்கள். வங்கிப் புத்தகம், ஏ.ரி.எம். அட்டை, இரகசிய இலக்கம் எதையும் ஒருவரிடமும் கொடுக்க வேண்டாம்.

ஏற்கனவே கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்பட வேண்டாம். வங்கிக்குச் சொன்னால் அட்டையை நிறுத்துவார்கள். கிராம அலுவலரிடமோ எங்கள் களப் பணியாளரிடமோ இன்றே கதையுங்கள். கூட்டம் முடிந்த பிறகு தனியாகக் கதைக்கவும் நான் இங்கேதான் இருப்பேன்.