சிரிக்கப் பாடுவோம்

பருப்பு கடைகிற விளையாட்டை நீங்கள் எல்லோரும் விளையாடியிருப்பீர்கள். பாட்டி பேத்தியின் உள்ளங்கையை விரித்துப் பிடிப்பார். அதன் நடுவில் தன் முழங்கையை ஊன்றி, பாடிக்கொண்டே சுழற்றிச் சுழற்றிப் பருப்பு கடைவார். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கி, இது அம்மாவுக்கு, இது அப்பாவுக்கு, இது அண்ணனுக்கு என்று பங்கு வைப்பார். எல்லோரும் சாப்பிட்டாயிற்று. இப்போது பாட்டியின் இரண்டு விரல்கள் நண்டாகிவிடும். மணிக்கட்டிலிருந்து மெல்ல ஊர்ந்து மேலேறி, அக்குளில் புகுந்து கிச்சுகிச்சு மூட்டும்.

நண்டு முழங்கையைத் தாண்டும்போதே குழந்தை சிரிக்கத் தொடங்கிவிடுகிறதே, ஏன்? முடிவு அதற்குத் தெரியும். எப்போது வரும் என்பதுதான் தெரியாது. பாட்டியும் வேண்டுமென்றே பாட்டை இழுப்பார். நண்டைப் பாதி வழியில் நிறுத்துவார். அந்தக் காத்திருப்பில்தான் சிரிப்பு ஊறுகிறது. பத்தாவது தடவையும் "இன்னொரு தடவை பாட்டி" என்று கை நீள்வது அதனால்தான். உறவுமுறையும், பகிர்ந்து உண்பதும், பாட்டின் தாளமும் அதற்குள் குழந்தையிடம் சேர்ந்துவிடுகின்றன. பாடம் நடத்தியதாக யாருக்கும் தோன்றுவதில்லை.

இதுபோன்ற விளையாட்டுகளுக்கெல்லாம் நம் இலக்கியத்தில் உயர்ந்த இடம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் தம்மை யசோதையாகவே எண்ணிக் கண்ணனைப் பாடினார். குழந்தை கைகொட்டி ஆடும் சப்பாணிக்கு ஒரு திருமொழி. பின்னால் ஓடிவந்து முதுகைக் கட்டிக்கொள்வதற்கு ஒன்று. பூச்சி காட்டிப் பயமுறுத்துவதற்கும் ஒன்று! பிற்காலப் பிள்ளைத்தமிழ் நூல்களில் சப்பாணி ஒரு தனிப் பருவமாகவே நிலைபெற்றது. வீட்டு முற்றத்துக் கும்மாளத்தைப் பெரியவர்கள் அற்பமென்று தள்ளவில்லை.

நம் காலத்தில் குழந்தைகளுக்காகப் பாடும் வேலையைத் தலைமேல் எடுத்துக்கொண்டவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா. புதுக்கோட்டைச் சீமையில் இராயவரத்தில் 1922-இல் பிறந்தவர். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக எழுதிக் குவித்தார். அவருடைய 'மலரும் உள்ளம்' பாடல் தொகுதி 1944-இல் வெளிவந்தது. சின்னச் சின்ன அடிகள், நாக்கில் தானாக வந்து உட்காரும் எதுகை, குழந்தைக்குப் பழகிய சொற்கள். ஒருமுறை கேட்டால் மறுமுறை குழந்தையே முந்திக்கொண்டு பாடிவிடும். தாம் எழுதியது போதாதென்று, மற்றவர்களையும் எழுத வைக்க 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாகவும் முன்னின்றார்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வேடிக்கைப் பாட்டு பாடி முடித்ததும், "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்காதீர்கள். யானை குடைபிடித்துச் சந்தைக்குப் போகட்டும். பூனை கண்ணாடி போட்டுப் பேப்பர் படிக்கட்டும். யானை அப்படிச் செய்யாது என்று தெரிந்த குழந்தைதான் அதைக் கேட்டுச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பிலேயே அதன் அறிவு வேலை செய்கிறது.

குரல் நன்றாக இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். கைப்பேசியில் ஓடும் பாட்டு குழந்தையின் முகம் பார்த்து நிற்காது. உங்களால் நிற்க முடியும். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு பாட்டை எடுங்கள். அதில் உங்கள் பிள்ளையின் பெயரைச் சேருங்கள், தாத்தாவின் மீசையைச் சேருங்கள். அடுத்த அடியைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். அது என்ன சொன்னாலும் அதையே எல்லோரும் சேர்ந்து பாடுங்கள்.