சராசரிக்குள் மறையும் பிள்ளைகள்



ஒரு கல்வித் திட்டம் பலித்ததா என்று கேட்டால் சராசரி மதிப்பெண்ணை எடுத்துக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்த எண்ணுக்குள் முன்னேறிய பிள்ளை யார், நின்ற இடத்திலேயே நின்ற பிள்ளை யார் என்பதே சமத்துவத்தைப் பற்றிய கேள்வி.

அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை நீங்கள் அறிவீர்கள். 2021 டிசம்பரில் சோதித்தபோது, 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்தவர்களைவிடப் பிள்ளைகள் கணக்கில் 0.7 திட்டவிலக்கமும் மொழியில் 0.34 திட்டவிலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். பெருந்தொற்றால் மூடிக் கிடந்த பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரு பங்கு ஈடானது. ஆய்வாளர்கள் அத்தோடு விடவில்லை. இழப்பு ஏழை வீடுகளில்தான் கூடுதல் என்றும், மீட்சியும் அங்கேதான் கூடுதல் என்றும் பிரித்துக் காட்டினார்கள். மீட்சியில் சுமார் 24 விழுக்காட்டை ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டத்தின் கணக்கில் வைத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலைதோறும் பாடம் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய உழைப்புக்கு எண்ணிக்கையால் கிடைத்த சாட்சி இது. வறுமைப்பட்ட வீட்டுப் பிள்ளைகளே அந்த வகுப்புகளுக்கு அதிகம் வந்தார்கள் என்பதை மனநிறைவோடு சொல்கிறேன்.

இத்தனையும் தெரியவந்ததற்குக் காரணம், பெருந்தொற்றை எவரும் நினைத்துப் பாராத 2019இல் எடுத்துவைத்திருந்த அளவீடுதான். அது இல்லையேல் இழப்பு எவ்வளவு என்று ஊகிக்கத்தான் முடிந்திருக்கும்.

இப்படி முன்கூட்டியே அளந்துவைக்கக் கிடைக்கும் வாய்ப்புக்குத் தமிழகத்தின் காலை உணவுத் திட்டத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பசித்த பிள்ளையை ஆய்வுக்காகக் காத்திரு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. விரைந்து விரித்தது சரியே. ஆனாலும் இடையில் இருந்த ஏறத்தாழ ஓராண்டு, ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்த அரிய காலம். திட்டம் படிப்படியாக விரியும்போதெல்லாம் அத்தகைய இடைவெளி கிடைக்கிறது. அரசாணை வெளிவரும் முன்பே ஆய்வாளரும் கல்வித் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் அதைப் பயன்படுத்த முடியும். திட்டம் முடிந்தபின் நம்மைக் கூப்பிட்டுச் சான்று கேட்பதில் பயன் குறைவு.

சராசரியைப் பிரித்துப் பார்ப்பதன் பயனுக்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு மிதிவண்டி வாங்கப் பணம் தந்தபோது, உயர்நிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் சேர்க்கை பெரிதும் கூடியது. தூரம் வாரியாகப் பிரித்துப் பார்த்ததால் கிடைத்த விடை அது.

கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போன பிள்ளை தேர்வு நாளில் வகுப்பில் இருப்பதில்லை. நம் அட்டவணையிலும் வருவதில்லை. உங்கள் தரவில் இடம்பெறாத பிள்ளைகள் யார் யார் என்பதை, முடிவுகளைச் சொல்லத் தொடங்கும் முன் இந்த அவைக்குச் சொல்லுங்கள்.