தறியும் கயிறும்



திருவாரூரில் அவதரித்த தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். திருக்கோயிலின் மேல்பால் உள்ள திருக்குளம் தூர்ந்து குறுகியமை அறிந்து, அதனைக் கல்லுதலையே தம் தொண்டாகக் கொண்டார். குளத்தினுள் ஒரு தறி நட்டார். கரையில் ஒரு தறி நட்டார். இடையே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவி இறங்கி மண்ணைத் தோண்டினார். தடவி ஏறிக் கரையில் கொட்டினார். முடிவில் இறைவன் திருவருளால் கண்பெற்றார்.

இவ்வரலாற்றைக் கேட்கும் அன்பர் சிலர், "அவருக்குக் கிடைத்தது எமக்குக் கிடைக்கவில்லையே" என வருந்துவர். யாமும் வருந்தியதுண்டு. ஐந்தாம் வயதில் இளம்பிள்ளைவாதம் எம் வலக்காலை முடக்கியது. ஊன்றுகோலின் துணையால் ஐம்பது ஆண்டுகள் பிராகாரம் வலம் வந்தோம். அறுபதைக் கடந்தபின் நல்ல காலும் தளர்ந்தது, தோள்களும் நொந்தன.

மருத்துவர் காரணம் விளக்கினார். அந்நோயில் நரம்பணுக்கள் சில அழிய, எஞ்சியவை அவற்றின் சுமையையும் சேர்த்துச் சுமக்கின்றன. பல்லாண்டு கழித்து அவையும் களைத்துப்போகின்றன. வலிந்து உழைத்தால் தளர்ச்சி மிகும். இடையிடையே ஓய்வும் சக்கர நாற்காலியும் வேண்டும் என்றார். யாம் நாணினோம். ஊரார் முன் அமர்ந்து செல்வதா என்று ஓராண்டுக் காலம் கோயிலுக்கே வாராதிருந்தோம்.

ஒருநாள் பெரியபுராணத்தை ஓதுகையில், அடிகள் கண்பெற்ற இடத்தைக் கடந்தும் எம் நெஞ்சம் கயிறு கட்டிய இடத்திலேயே நின்றது. கண் அருளால் வந்தது. கயிறோ அவர் தாமே கட்டிக்கொண்டது. அதனைப் பற்றுதல் இழிவென அவர் எண்ணியிருப்பின் திருக்குளத் தொண்டு நிகழ்ந்திருக்குமோ? மறுநாளே நாற்காலியில் அமர்ந்து சந்நிதிக்கு வந்தோம். முன்பு ஏழு சுற்று. இன்று ஒரு சுற்று. அன்பு குறையவில்லை.

நம் நாடு இந்நோய் நீங்கியதென 2014-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்றது. ஆயினும் முன்னரே அதன் வாய்ப்பட்டோர் பலர் இன்று முதுமையை எய்தி வருகின்றனர். கண்ணொளி இன்றியும் செவிப்புலன் இன்றியும் வாழ்ந்து மூத்தோரும் நம்மிடையே உளர். பற்றும் துணை வயதிற்கேற்ப மாறலாம். பற்றி நிற்கும் தொண்டு மாற வேண்டுவதில்லை.

அடியார்களே! திருக்கோயில் வாயிற்படியருகே ஒரு சாய்தளமும் கைப்பிடியும் அமைப்பீராக. அவையே இக்காலத்துத் தறியும் கயிறும் ஆகும்.

திருச்சிற்றம்பலம்.