கொள்ளைநோய்

பரந்தன் வயல்களில் நெல் மிகுதியாக விளைந்தால், ‘கொள்ளையாய் விளைந்தது’ என்று மகிழ்ந்துரைப்பது தமிழ் வழக்கு. சினம் மூண்டால் ‘கொள்ளையிலே போக’ என்று வைவதும் தமிழ் வழக்கே. முன்னதில் மிகுதி, பின்னதில் சாவு. இவ்விரு பொருளும் ஒருங்கே உறையும் சொல் ‘கொள்ளைநோய்’.

பரவும் நோயெல்லாம் கொள்ளைநோய் ஆகுமோ? ஆகாது. ஒருவரிடமிருந்து மற்றொருவரைப் பற்றுவது தொற்றுநோய். ஓரிடத்தில் வழக்கத்தை விஞ்சித் திடீரெனப் பலரை வீழ்த்துவது கொள்ளைநோய். அது உலகெங்கும் பரவுமாயின் பெருந்தொற்று. 2020ஆம் ஆண்டில் கொரோனாவினால் இச்சொல் பெருவழக்காயிற்று.

1934-35ஆம் ஆண்டுகளில் இலங்கையில் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. மழை பொய்த்தது, ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின, அவற்றில் நுளம்பு பெருகிற்று. மலேரியா அதிகம் பழகாத கேகாலைப் பகுதியில் அது கொள்ளைநோய். வன்னியிலோ அக்காய்ச்சல் முன்னரே வேரூன்றி நின்றது. ஆதலின் அங்கு அப்பெயர் அதற்குப் பொருந்தவில்லை. நோய் ஒன்றே, பெயர் வேறு.

பெயர் அச்சத்தைத் தரும். அச்சம் முயற்சியைத் தூண்டும். பழகிய நோய்க்கோ அச்சமுமில்லை, விரைவுமில்லை. ஆயினும், காய்ச்சலுக்குக் குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கு இவ்வேறுபாட்டால் ஆறுதல் உண்டோ?

2016ஆம் ஆண்டில், இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பழகிய நோயையும் பொறுத்துக்கொள்ள மறுத்தோரின் நெடுங்கால உழைப்பிற்குக் கிட்டிய பயன் அது. கொள்ளையிடுவது அறிமுகமானவனே ஆயினும், அது கொள்ளையே அன்றோ!