எஃகினுள் நுழையும் ஹைட்ரஜன்



திருவள்ளூர் மாவட்டத்து ஆரணியில் பல்லாண்டு ஆசிரியப் பணியாற்றியவன் நான். பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணி வேறு; எம்மூர் ஆரணியாற்றங்கரையில் உள்ளது. என்னிடம் பயின்றோர் பலர் இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்போடு பழகுகின்றனர். அவர்களுள் ஒருவர் கேட்டார்: “ஐயா, முலாம் பூசிய புதுப் போல்ட்டை மாலையில் முறுக்கினோம். மறுநாட் காலையில் அது தானே முறிந்து கிடந்தது. இஃது எங்ஙனம்?”

1875ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஜான்சன் என்பார் இதனை ஆராய்ந்தார். இரும்புக் கம்பியைச் சில நிமிடம் அமிலத்தில் இட்டெடுத்தார். முன்பு நன்கு வளைந்த கம்பி இப்பொழுது ஒடிந்தது. ஒடிந்த வாயை நனைத்தால் அங்கே நுரை அரும்பிற்று! அமிலந்தோய்ந்த கம்பியைச் சின்னாள் விட்டுவைத்தால் பழைய உறுதி மீண்டது. சூடுபடுத்தினால் விரைந்து மீண்டது.

அமிலம் இரும்பைத் தீண்டும்போது ஹைட்ரஜன் தனித்தனி அணுவாகப் பிறக்கிறது. பெரும்பாலானவை இவ்விரண்டாய்க் கூடிக் குமிழியாய் வெளியேறும். கூடுமுன்னரே சில உலோகத்தினுள் நழுவிவிடும். அது மிகச் சிறிய அணுவன்றோ? இரும்பணு வரிசைகளின் இடுக்குகளில் அது நடமாடி, இழுவிசை மிகுந்த இடங்களில், அதாவது நுண்வெடிப்பின் நுனியிலும் படிக மணிகளின் எல்லையிலும், குவிகிறது. அங்கே அணுப்பிணைப்பைத் தளர்த்துகிறது. அணுவரிசைகள் ஓரிடத்திலேயே வழுக்கவும் துணைசெய்கிறது. இவற்றுள் எது முதன்மை என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். குவிவதற்கு நேரம் வேண்டுமாதலின், போல்ட்டு மறுநாள் முறிகிறது. விந்தை யாதெனில், வன்மை மிக்க எஃகே இதற்கு எளிதில் இரையாகும். மெல்லிரும்பு பெரும்பாலும் தப்பும்.

ஆகவே அத்தகைய போல்ட்டுகளை முலாமிட்டதும் 200 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் பல மணிநேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றுவர். வைத்தார்களா என்பது கண்ணுக்குத் தெரியாது. பதிவேட்டில் எழுதியவர் சொல்லை நம்பியே பிறர் அந்தப் பாரத்தின்கீழ் நிற்கின்றனர்.

எஃகு மட்டுமன்று, சிர்க்கோனியமும் இவ்வாறு கெடும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளிலும் தலைக்கு 306 குழாய்கள், முதலில் சிர்க்கலாய்-2 என்னும் கலப்புலோகத்தால் ஆனவை. அவற்றினூடே ஓடும் கொதிப்பேறிய கனநீரிலிருந்து கன ஹைட்ரஜன் உலோகத்தினுட் சேர்ந்து, ஹைட்ரைடு என்னும் நொறுங்கும் பொருளாய்ப் படியும். 1983இல் கனடாவின் பிக்கரிங் உலையில் இத்தகைய குழாயொன்று வேலை செய்யும்போதே பிளந்தது. நம்மவர் குழாயின் உட்புறத்தைச் சிறிது சீவியெடுத்து ஹைட்ரஜனை அளக்கும் முறையை வகுத்தனர். 2002 முதற்கொண்டு கல்பாக்கத்து உலைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, குழாய்கள் அனைத்தையும் மாற்றினர். புதியவற்றில் 2.5 விழுக்காடு நியோபியம் கலந்திருக்கிறது. அவை ஹைட்ரஜனை மெல்லவே ஏற்கின்றன.