நிற்கும் காருக்கும் தீனி வேண்டும்



மாட்டுத்தாவணிப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் நான். "தொழிலில் பார்த்ததைச் சொல்லுங்க, போதும்" என்றார்கள் சங்கத்தார். சொல்கிறேன்.

நம்மில் பலர் சென்னை, பெங்களூர், வளைகுடா என்று இருக்கிறோம். கார் மட்டும் அப்பா அம்மாவோடு இங்கே நிற்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி போக வேண்டுமென்றால் அது ஸ்டார்ட் ஆகணும், இல்லையா? 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்து, பிறகு தளர்ந்தபோது எனக்கு வந்த போன்களில் பெரும்பாலானவை "பேட்டரி டவுன்" என்பதுதான்.

கார் சும்மா நின்றாலும் அலாரமும் கடிகாரமும் கரண்ட் குடிக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், சின்னக் காரின் 35 ஏ.எச். பேட்டரி 24 நாளில் பாதியாகிவிடும். அப்படியே கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும். பழைய பலம் திரும்பாது. மாட்டுச் சந்தையால் பேர் பெற்ற இடம் மாட்டுத்தாவணி. ஏர் பூட்டாத நாளிலும் மாட்டுக்குத் தீனி வைக்கணும் என்பது நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பழைய சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது. மாட்டிவிட்டு மறந்தால் தண்ணி வற்றும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஸ்மார்ட் சார்ஜர் முதலில் முழு கரண்ட் தரும். 14.4 வோல்ட் வந்ததும் கரண்ட்டைக் குறைத்துக்கொண்டே வரும். நிறைந்தபின் 13.5 வோல்ட் அளவில் வைத்துக் காக்கும்.

வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்.

ஒன்று, பேட்டரி வகை. சிக்னலில் தானே அணைந்து கிளம்பும் கார்களில் ஏ.ஜி.எம். அல்லது இ.எஃப்.பி. பேட்டரி இருக்கும். அதற்குரிய மோடு சார்ஜரில் வேண்டும்.

இரண்டு, ஆம்பியர். ஏ.எச். அளவில் பத்தில் ஒரு பங்கு போதும். 35 ஏ.எச்.-க்கு 4 ஆம்பியர் தாராளம். சிலர் வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டுகிறார்கள். அது பெரிய பேட்டரிக்கானது, 10 ஆம்பியருக்கு மேலும் தள்ளும். வேண்டாம்.

மூன்று, நம்ம வெயில். சார்ஜ் வோல்ட்டேஜ் 25 டிகிரியைக் கணக்கு வைத்துச் சொல்வது. 40 டிகிரியில் சுமார் 0.3 வோல்ட் குறைக்கணும். சூட்டுக்கேற்ப தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜராகப் பாருங்கள்.

நான்கு, மின்வெட்டு. கரண்ட் போய் வந்ததும் சில சார்ஜர்கள் யாராவது பட்டனை அமுக்கும்வரை சும்மா இருக்கும். வயசானவர்கள் வீட்டுக்கு அது உதவாது. விட்ட இடத்தில் தானே தொடர வேண்டும்.

ஐந்து, "ரிப்பேர் மோடு" என்ற ஆசை காட்டல். சிலவற்றில் அது 15 வோல்ட்டுக்கு மேல் போகும். காரில் மாட்டியபடி அதைப் போட்டால் எலக்ட்ரானிக்ஸுக்கு ஆபத்து. தகடு செத்த பேட்டரியை எந்த சார்ஜரும் எழுப்பாது. முழுக்க ஏற்றி, கழற்றி, ஒரு ராத்திரி விட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் நின்றால் நல்லது. 12.2-க்கு இறங்கினால் சார்ஜருக்குக் காசு கொடுக்காதீர்கள், பேட்டரியை மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. பேட்டரி முனையில் நிரந்தரமாக முடுக்கிவிடும் வளைய ஒயர் சில சார்ஜர்களோடு வரும். மெக்கானிக்கை வைத்து ஒருமுறை மாட்டிவிட்டால் போதும். அம்மா பானெட்டைத் திறந்து சிவப்பு கிளிப் எது, கறுப்பு கிளிப் எது என்று தேட வேண்டாம். சார்ஜரைச் சொருகி, பிறகு சுவரில் சுவிட்சைப் போடலாம். எடுக்கும்போது முதலில் சுவிட்ச். காற்றோட்டமும் இருக்கணும்.

பார்க்கிங்கில் பிளக் பாயிண்ட் இல்லாதவர்கள், வாரம் ஒருமுறை அரைமணி நேரம் காரை ஓட்ட யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள்.

நாளைக்கு ஊர் திரும்புகிறீர்கள். கிளம்பும் முன் உங்கள் வீட்டுக் காரை ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுப் போங்க.